சௌந்தரபாண்டியன் வராத நாள்

நாலு வருஷமாக நானும் என் அக்காவும் பேசிக்கொள்வதில்லை. அப்படியிருக்க, இந்தச் சித்திரையில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்த அருப்புக்கோட்டைக்குப் போனால், எனக்கு ஒதுக்கிய மேசைக்கு முதன்மைத் தேர்வாளர் அவளேதான். ஆவுடைத்தாய் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எல்லாம் என் தலையெழுத்து என்று உட்கார்ந்தேன்.

இருவருமே இங்கிலீஷ் டீச்சர்கள். அவளுக்குத் திருச்சுழிப் பக்கம் வேலை, எனக்கு எம்.ரெட்டியபட்டிப் பக்கம். எங்கள் மேசையில் இன்னும் ஐந்து பேர். அவர்களில் சௌந்தரபாண்டியன் சார் மட்டும் எங்கள் ஊரான பரளச்சிக்காரர், எங்கள் வீட்டுக் கதை தெரிந்தவர். பேச்சு விட்டுப்போன இரண்டு பேர் நடுவில் ஒரு ஆளை வைத்துப் பேசுவது எங்கள் ஊர் வழக்கம். முதல் இரண்டு நாளும் அப்படித்தான் ஓடியது. என் சந்தேகத்தை நான் அவரிடம் சொல்வேன். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற அக்கா அதைக் கேட்டுவிட்டு, பதிலை அவரிடமே சொல்வாள். என்னைப் போஸ்ட்மேன் ஆக்கிட்டீகளே என்று அவர் சிரித்தார். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் அவர் வரவில்லை. காரியாபட்டியில் மாமியாருக்கு உடம்பு சரியில்லையாம். மற்ற நாலு பேரும் வெளியூர்க்காரர்கள். அவர்கள் முன்னால் எங்கள் வீட்டுச் சண்டையைக் கடைவிரிக்க எனக்கு இஷ்டமில்லை. வாயை மூடிக்கொண்டு திருத்தினேன்.

பன்னிரண்டரை மணிக்கு அந்தத் தாள் வந்தது. கூட்டிப் பார்த்தால் முப்பத்து நான்கு. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். இந்த முப்பத்து நான்கைக் கண்டாலே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். பத்தோ பதினைந்தோ வாங்கித் தொலைத்திருந்தால் மனசு ஆறும். எங்கள் பக்கத்தில் பத்தாவதில் தவறினால் பையன் லோடு ஏற்றப் போவான், பெண் மில்லுக்குப் போவாள். திரும்ப எழுத வருகிறவர்கள் பாதிப் பேர் கூட இல்லை. பேனாவை அழுத்தி அழுத்தி எழுதியிருந்தது அந்தப் பிள்ளை. மறுபக்கம் வரை தடம் தெரிந்தது.

ஒரு மார்க்கு எங்கேயாவது கிடைக்காதா என்று தேடினேன். கதிரும் செல்வியும் ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள் என்ற வாக்கியத்தில் 'ஈச் அதரா', 'ஒன் அனதரா' என்று ஒரு கேள்வி. பிள்ளை 'ஒன் அனதர்' போட்டிருந்தது. விடைக்குறிப்பில் 'ஈச் அதர்'. இரண்டு பேர் என்றால் முன்னது, அதற்கு மேலே என்றால் பின்னது என்று பதினெட்டு வருஷமாக நானே மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் நல்ல இங்கிலீஷ் எழுதுகிறவர்கள் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் எழுதுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தமிழில் இந்தத் தொல்லையே இல்லை. இரண்டு பேரோ இருநூறு பேரோ, ஒருவருக்கொருவர்தான்.

அந்த ஒரு மார்க்கைப் போடலாமா என்று சொல்ல வேண்டியவள் அக்கா. ஒரு மணிக்கு விடைத்தாள் கட்டைக் கட்டி மேலே அனுப்பிவிடுவார்கள். சௌந்தரபாண்டியனின் காலி நாற்காலியைப் பார்த்தேன்.

நாங்கள் பேசாமல் போனதற்குக் காரணம் அம்மாவின் சாவு. அன்றைக்கும் இதே மாதிரி திருத்தும் வேலைதான், அக்கா விருதுநகரில் இருந்தாள். வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். பத்துத் தடவை அடித்தேன், அணைத்தே கிடந்தது. மறுநாள் சனிக்கிழமை, அன்றைக்கு எடுத்தால் வீட்டுக்கு ஆகாது என்று பங்காளிகள் நெருக்கினார்கள். ஒரு ஆளை வண்டியில் விருதுநகருக்கு விரட்டியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. நாலு மணிக்கு எடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆறரைக்கு அக்கா பஸ்ஸை விட்டு இறங்கியபோது சுடுகாட்டில் புகை. நான் என்ன செய்வேன், ஊர் சொன்னதைத்தானே செய்தேன் என்று அவள் முகத்துக்கு நேரே கத்தினேன். அதுதான் நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு.

தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"அக்கா, இதக் கொஞ்சம் பாரு" என்றேன்.

அவள் நிமிரவில்லை. தாளை வாங்கினாள். கேள்வியைப் பார்த்தாள்.

"ரெண்டும் சரிதான்னு எனக்கும் தெரியும். விடைக்குறிப்ப மீறிப் போட எனக்கு அதிகாரம் இல்ல" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

பேசியும் வீண்தானே என்று தாளுக்குக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். பிள்ளை எதுவும் எழுதாமல் விட்ட இரண்டு பக்கம் வந்தது. அதில் நான் குறுக்குக் கோடு போட்டிருந்தேன், அதோடு முடிந்தது என்று நினைத்து. அக்கா அதையும் திருப்பினாள். கடைசிப் பக்கத்தில் ஒரு கடிதம். பாதிதான், ஆனால் அழுத்தி எழுதிய கடிதம். ஐந்து மார்க்குக் கேள்வி. நான் அதைப் பார்க்கவே இல்லை.

அக்கா அதை நிதானமாகப் படித்தாள். மூன்று போட்டாள். முப்பத்து நான்கை அடித்து முப்பத்தேழு என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

"எப்பவும் அவசரம்தான் ஒனக்கு" என்றாள்.

மற்றவர்களுக்கு அது ஒரு அதிகாரியின் கண்டிப்பாகத்தான் கேட்டிருக்கும். எனக்கு, அம்மாவை நாலு மணிக்கே எடுக்கச் சொன்ன அவசரம் கேட்டது. நாலு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த சாக்குகளையெல்லாம் விட்டேன்.

"ஆள் அனுப்பியிருக்கணும்க்கா. அனுப்பல. என் தப்புதான்."

ஒரு மணிக்கு மணி அடித்தது. கட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அக்கா பேனாவை மூடி மேசையில் வைத்தாள். பிறகு, நாலு வருஷத்தில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"அம்மா மொகம் எப்படி இருந்துச்சு?"

நாலு வருஷமாக இதை அவளுக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததும் அதுதான். சௌந்தரபாண்டியனின் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எடது கண்ணு மூடலக்கா. மூணு தடவ மூடிவிட்டேன். தொறந்துகிட்டே இருந்துச்சு."