இருபது கிலோவும் மூன்று சைபரும்

அடுத்தவர் தராசைச் சந்தேகப்படுவதுதான் என் வேலை. பத்தொன்பது வருஷமாக அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். எடை ஆய்வாளர் என்று என் மேஜைப் பலகையில் எழுதியிருக்கும். கடைத்தெருவில் எனக்கு வேறு பெயர்களும் உண்டு, அவற்றை இங்கே எழுத முடியாது. காய்கறிக் கடை, மீன் கடை, நகைக் கடை, பழைய இரும்புக் கடை என்று ஏறி இறங்கி, அவர்கள் தராசின் மேல் எங்கள் எடைக்கல்லை வைத்து, எண் சரியாக வருகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். சரியாக வந்தால் முத்திரை குத்துவேன். வராவிட்டால் கடைக்காரர் தொடங்குவார்: "நேத்துவரைக்கும் சரியாத்தாம்மா இருந்துச்சு!" இந்த வசனத்தைக் கேட்காவிட்டால் எனக்கு அன்றைக்குப் பொழுதே போகாது.

அந்த எடைக்கல்தான் என் வேலைக்கு உலை வைத்தது. இருபது கிலோ இரும்பு, மேலே ஒரு கைப்பிடி. அதை வண்டியிலிருந்து இறக்கித் தராசில் வைப்பது இதுவரை ஓட்டுநரின் பாடு. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும். திடீரென்று மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. இனிமேல் ஆய்வாளரே வண்டி ஓட்ட வேண்டும், கல்லையும் அவரே தூக்க வேண்டும். பத்து வாரம் கழித்து ஒரு சோதனை. தரையிலிருந்து கல்லை எடுத்து, பத்தடி நடந்து, இடுப்பு உயர மேடையில் வைக்க வேண்டும். ஐந்து தடவை. முடியாதவர்களுக்குக் கடைத்தெரு கிடையாது, அலுவலகத்தில் உட்கார்ந்து படிவம் சரிபார்க்கலாம்.

படிவம்! எனக்கு நாற்பத்தேழு வயது. இன்னும் பதின்மூன்று வருஷம் ஒரு மின்விசிறிக்குக் கீழே படிவம் சரிபார்ப்பதை நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. எனக்குத் தெரு வேண்டும். கடைக்காரர்களோடு வாய்ச்சண்டை வேண்டும்.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு கல்லைத் தூக்கிப் பார்த்தேன். அது அசையவில்லை, என் முதுகில்தான் ஏதோ அசைந்தது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சலூன் வைத்திருக்கிறார். நாள் முழுக்க அடுத்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு பேசிப் பேசி, எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

"அடுத்த தெருவுல ஜிம் இருக்கே, போய்ச் சேரு."

"இந்த வயசுலயா? சிரிக்கமாட்டாங்க?"

"சிரிக்கட்டுமே. நீ கடைக்குள்ள நுழைஞ்சா யாருமே சிரிக்கறதில்ல. ஒரு மாறுதலா இருக்கும்."

ஜிம் என்பது ஒரு பழைய கிடங்கு. தகரக் கூரை, கறுப்பு ரப்பர் தரை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியை எந்தப் பாவி கண்டுபிடித்தானோ, குனிந்தாலும் நிமிர்ந்தாலும் என்னையே எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது. நடத்துவது ஒரு பெண். முப்பது வயதிருக்கும். எல்லோரும் அவளைக் கோச் என்றுதான் கூப்பிட்டார்கள். கோச் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இளஞ்சிவப்பு உறை போட்ட இரண்டு குட்டி டம்பெல்களைக் கையில் கொடுத்தாள்.

"எத்தனை கிலோ?" என்றேன்.

"ரெண்டு ரெண்டு."

"எனக்கு வேண்டியது இருபது."

"வரும்க்கா. முதல்ல உக்காந்து எழுந்திரிங்க."

எடையே இல்லாமல் உட்கார்ந்து எழுந்தேன். பத்து தடவை சொன்னாள், ஏழில் நின்றுவிட்டேன். தொடை இரண்டும் கிடுகிடுவென்று ஆடின. மூச்சு விடுவதைக்கூட நான் தப்பாகச் செய்கிறேன் என்றாள். நாற்பத்தேழு வருஷமாகத் தப்பாகவே விட்டிருக்கிறேன் போலிருக்கிறது.

மறுநாள் படிக்கட்டில் பின்பக்கமாக இறங்கினேன். அதற்கடுத்த நாள்தான் உச்சம். காலையில் சீப்பை எடுத்தேன், கை தோளுக்கு மேலே ஏறவில்லை. அலுவலகத்துக்கு நேரமாகிறது, தலை பறவைக்கூடு மாதிரி இருக்கிறது. வீட்டுக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, என் கழுத்தில் துண்டைச் சுற்றி, தலைவாரிப் பின்னிவிட்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"ஊருக்கெல்லாம் தலை வாரறேன், உனக்கு மட்டும் குடுத்து வைக்கலயேன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றார். எனக்கு வலியோடு வலியாக உச்சி குளிர்ந்துபோயிற்று. மறுநாள் கை கொஞ்சம் ஏறியது. ஏறவில்லை என்றே சொல்லிவிட்டேன்.

வாரங்கள் ஓடின. இளஞ்சிவப்பு இரண்டு போய் நான்கு வந்தது, ஆறு வந்தது. பிறகு கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. அதற்குக் கெட்டில்பெல் என்று பெயராம், என் கண்ணுக்கு மூக்கில்லாத கெட்டில்தான். "கையால தூக்காதீங்கக்கா, காலால தூக்குங்க" என்று கோச் தினமும் நூறு தடவை சொல்வாள். பன்னிரண்டு, பதினாறு என்று ஏறி, எட்டாவது வாரம், இருபது என்று வெள்ளை எழுத்தில் போட்டிருந்த குண்டைத் தூக்கிப் பத்தடி நடந்து பெஞ்சின் மேல் வைத்தேன். ஐந்து தடவை! கோச் கைதட்டினாள். மலை விசிலே அடித்தார்.

மலை யார் என்று சொல்லவில்லையே. பீரோவும் கட்டிலும் சுமந்து, ஜனங்களுக்கு வீடு மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். வாசல் வழியாக நேராக வரமாட்டார், தோளைச் சாய்த்துத்தான் வருவார். போன மாதம் நூறு கிலோ பாரைத் தரையிலிருந்து தூக்கினார். ஒரு வருஷ உழைப்பு. அன்று அவர் சிரித்துக்கொண்டு நின்ற படம், கீழே "100" என்று எழுதி, கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. உள்ளே நுழையும்போதெல்லாம் அதை ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

இருபதைத் தூக்கிவிட்ட சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் அலுவலகத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எல்லாரும் வாங்க, நான் கல்லைத் தூக்கறேன்" என்று கூட்டம் கூட்டினேன். குனிந்தேன், காலை ஊன்றினேன், மூச்சைப் பிடித்தேன். கல் முழங்கால்வரை வந்தது. அங்கேயே கொஞ்சம் யோசித்தது. பிறகு இறங்கிவிட்டது. இரண்டாம் தடவையும் அப்படியே. பெரிய அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "படிவமும் முக்கியமான வேலைதாம்மா" என்றார்.

மூக்கறுபட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

"ஜிம்முல தூக்கற இருபது இங்க ஏன் வரல?" என்றேன். "எனக்கு வயசாயிடுச்சுங்க. அவ்வளவுதான்."

"ஒரே நாள்லயா வயசாச்சு?" என்றார் வீட்டுக்காரர். "அது இருபதுன்னு யார் சொன்னா?"

"அதுல எழுதியிருக்கே!"

சொன்ன மாத்திரத்தில் என் வாய் தானாக மூடிக்கொண்டது. அவரும் என்னையே பார்த்தார். பத்தொன்பது வருஷம் ஊரில் ஒருவர் எழுதி வைத்ததையும் நம்பாதவள் நான். சொந்தச் சம்பந்தி கடை வைத்திருந்தாலும் எடை போட்டுத்தான் பார்ப்பேன். அப்பேர்ப்பட்டவள் எட்டு வாரமாக, யாரோ பெயின்ட்டில் எழுதிய எண்ணைப் பார்த்து மயங்கி நின்றிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

வீட்டில் எனக்கென்று ஒரு மேடைத் தராசு உண்டு. துல்லியமானது, முப்பது கிலோவரை தாங்கும். மறுநாள் காலையில் அதைத் தூக்கிக்கொண்டு ஜிம்முக்குப் போனேன். கோச் மட்டும்தான் இருந்தாள். இருபது என்ற குண்டை வைத்தேன். பதினேழு கிலோ எழுநூற்று ஐம்பது கிராம் காட்டியது.

"நேத்துவரைக்கும் சரியாத்தாங்க்கா..." என்று ஆரம்பித்தாள் கோச். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. மூடிப்போன ஒரு ஜிம்மிலிருந்து மொத்தமாக வாங்கிய சாமான்களாம். பாவம், அவளுக்கே தெரியாது.

"மத்ததையும் பாக்கப்போறீங்களாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் பார்வை சுவரில் இருந்த படத்துக்குப் போய்விட்டு வந்தது.

எனக்கும் அதே பயம்தான். என் குண்டை மட்டும் சரிசெய்துகொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு போய்விடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. கடைகளில் எத்தனை பேர் முகம் தொங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் மனசு இப்படி அடித்துக்கொண்டதில்லை. அவர்கள் யாரும் எனக்கு விசில் அடித்ததில்லை.

மலை தூக்கிய பாரை வைத்தேன். இருபதென்று சொன்ன பார் பதினெட்டு நானூறு. அதில் மாட்டுகிற நான்கு இருபது கிலோ தட்டுகளை ஒவ்வொன்றாக வைத்துச் சாக்பீஸால் உண்மையான எடையை எழுதினேன். நான்காவது தட்டை எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் வெளிச்சம் குறைந்தது. மலை வந்துவிட்டார்.

"என்னக்கா, தராசோட வந்திருக்கீங்க? எங்களையும் பிடிக்க வந்துட்டீங்களா?"

நான் சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, உங்க நூறு நூறு இல்ல. தொண்ணூத்தியொண்ணு முந்நூறு."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார். தட்டுகளில் எழுதியிருந்ததைக் குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தார். பெஞ்சில் உட்கார்ந்தார், பெஞ்ச் முனகியது. அவ்வளவு பெரிய ஆள் அவ்வளவு சின்னதாகி நான் பார்த்ததில்லை. நான் ஏன்தான் இந்தத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தேனோ என்று இருந்தது.

"எங்கம்மாகிட்ட நூறுன்னு சொல்லிட்டேனே" என்றார். பிறகு, "உங்களோடது எவ்வளவுக்கா?" என்று கேட்டார்.

"பதினேழே முக்கால்."

"சோதனை என்னைக்கு?"

"பன்னெண்டு நாள் இருக்கு."

அவர் எழுந்துபோய்த் தன் படத்தைக் கழற்றினார். அதைத் திருப்பிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். "அப்ப ரெண்டு பேருமே ஃபெயில். மறுபடி ஆரம்பிக்கலாம் வாங்க" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சாக்பீஸ் தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

ஒரு பையில் மணல் நிரப்பித் தராசில் வைத்தேன். இரண்டு கிலோ இருநூற்று ஐம்பது வரும்வரை ஒரு கரண்டியால் போட்டும் எடுத்தும் சரிசெய்தேன். அதைக் குண்டோடு சேர்த்துக் கட்டியது மலை. பீரோ கட்டுகிற கயிறு, பீரோ கட்டுகிற முடிச்சு, பை ஒரு இம்மிகூட ஆடவில்லை. முதல் நாள் அது முழங்காலில் நின்றது. நான்காம் நாள் இடுப்புக்கு வந்தது. "காலால, காலால!" என்று இப்போது கோச்சோடு மலையும் சேர்ந்து கத்தினார். எட்டாம் நாள் பெஞ்சில் ஏறியது. பதினோராம் நாள் நான்கு தடவை வைத்தேன். ஐந்தாவது வரவில்லை. அதுதான் கடைசி நாள்.

சோதனையன்று கல்லை நடுக்கூடத்தில் வைத்திருந்தார்கள். பெரிய அதிகாரி கையில் தாளோடு நின்றார்.

"ஒரு நிமிஷம் சார்" என்று கல்லைச் சாய்த்து அடியில் முத்திரையைப் பார்த்தேன்.

"நம்ம கல்லும்மா அது!"

"தெரியும் சார். ஒரு தடவை பட்டது போதும்."

முத்திரை சரியாக இருந்தது. தூக்கினேன். முதல் மூன்றும் தடங்கலில்லாமல் போய்விட்டன. நான்காவதில் கை எரிந்தது. ஐந்தாவதுக்குக் குனிந்தபோது கல் முழங்காலில் வந்து பழையபடி யோசித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காலால் தரையை மிதித்துத் தள்ளினேன். கல் வந்தது. பத்தடி நடந்தேன். அந்தப் பத்தடியில் மீன் கடை, நகைக் கடை, இரும்புக் கடை எல்லாம் எனக்குத் தெரிந்தன. மேடையில் வைத்தேன். மேடை மேலிருந்த தராசில் சிவப்பு எழுத்தில் எண் வந்து நின்றது: 20.000. அந்த எண்ணை ஆயிரக்கணக்கான தடவை பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் அது எனக்கென்று வந்ததில்லை. பெரிய அதிகாரி தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "கடைக்காரங்க பாவம்" என்றார்.

மாலையில் ஜிம்முக்கு ஓடினேன். மலையின் படம் திரும்பவும் சுவரில் இருந்தது. கீழே "100" என்பதை அடித்துவிட்டு, அவரே தன் கையால் "91.300" என்று எழுதியிருந்தார்.

"எங்கம்மாகிட்டயும் சொல்லிட்டேன்க்கா. பரவாயில்லடா, மிச்சத்தையும் தூக்கிட்டு வந்து சொல்லுன்னாங்க."

கோச் என்னை நிற்க வைத்துப் படம் பிடித்தாள். பக்கத்திலேயே மாட்ட வேண்டும் என்று மலை ஒரே பிடிவாதம். கீழே எழுதச் சொல்லி என்னிடம் பேனாவைக் கொடுத்தார். இரண்டு, சைபர், புள்ளி, பிறகு மூன்று சைபர் என்று எழுதினேன். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இருபதுன்னு போட்டா போதாதாக்கா? கடைசி மூணு சைபர் எதுக்கு?"

"அந்த மூணு சைபர்தான் தம்பி கனமே" என்றேன்.