அக்டோபர் பக்கம்

ஜனவரி முதல் வாரத்தில் அச்சகத்து வண்டி வந்து பதினாறு அட்டைப்பெட்டிகளை இறக்கிவிட்டுப் போனது. வாங்சாய் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பயணியர் தகவல் நிலையத்தில் அப்போது லம்துவான் மட்டும்தான் இருந்தாள். பதினோரு வருஷமாக அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். தண்ணீர்த் திருவிழாவில் செல்போனை எப்படிக் காப்பாற்றுவது, விகாரைக்குள் அரைக்கால்சட்டையோடு விடுவார்களா, புத்தர் திருநாளன்று பீர் எங்கே கிடைக்கும் (எங்கேயும் கிடைக்காது) என்று கேட்டு வருகிற அத்தனை பேருக்கும் சிரித்த முகமாகப் பதில் சொல்வது அவள் வேலை.

பெட்டிக்குள் இருந்தது வருஷா வருஷம் வருகிற திருவிழா வழிகாட்டிதான். வழக்கமாக அதை எழுதுவதே அவள்தான். இந்த முறை மட்டும் அவள் துக்க விடுப்பில் இருந்ததால் நிலையத் தலைவர் விச்சியனே தலைநகரில் ஒரு விளம்பரக்காரரைப் பிடித்து முடித்திருந்தார். தேதிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு பிரதியை எடுத்துப் புரட்டினாள். பிப்ரவரிப் பௌர்ணமிக்கு விளக்கு ஊர்வலம். ஏப்ரலில் தண்ணீர். மே மாதத்தில் மழை கேட்டு வானத்துக்கு விடுகிற ராக்கெட்டுகள். ஜூலையில் மெழுகுவர்த்தித் தேர். எல்லாம் சரி.

அக்டோபருக்கான இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு ஒரே படம். நாகத் தலை வைத்த நீளப் படகு, பழுப்பு நிறத்தில் ஆறு, முதல் வரிசையில் துடுப்பை ஓங்கியபடி அவள் புருஷன் தோங்சுக். வாய் திறந்திருந்தது. ஓரத்தில் உடைந்த பல் தெரிந்தது. நெற்றியில் நீலத்துணி. பந்தயத்தன்று காலையில் அதை அவள்தான் கட்டிவிட்டாள், இறுக்கமாகக் கட்டிவிட்டாய் என்று அவன் முனகினான்.

படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்: 'ஆறும் மனிதனும் ஒன்றாகும் நாள்.'

லம்துவான் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நடந்தது இதுதான். முன்பெல்லாம் படகுப் பந்தயத்துக்கு முன்கூட்டியே தேதி குறிப்பதில்லை. மழைக்கால நோன்பு முடிந்து பிக்குகள் வெளியே வந்ததும் ஏழு ஊர்ச் சுக்கான்காரர்களும் ஆற்றைப் போய்ப் பார்ப்பார்கள். தண்ணீர் இறங்கியிருந்தால் ஒரு வாரம் தள்ளி ஒரு நாளைச் சொல்வார்கள். வெளியூர்க்காரர்கள் அறை எடுக்க இது தோதுப்படவில்லை. "ஒரே தேதியா போடு, புத்தகத்துல அச்சாகணும்" என்றார் விச்சியன். போன டிசம்பருக்கு முந்தைய டிசம்பரில், ஒரு மத்தியான வேளையில், நாட்காட்டியைப் புரட்டி ஒரு சனிக்கிழமையைப் போட்டவள் லம்துவான். ஐந்து நிமிஷ வேலை. அன்றைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டோம் என்பதுகூட அவளுக்கு இப்போது ஞாபகமில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு மூன்று நாள் முன்பு மேற்கே மலையில் மழை கொட்டியது. ஆற்று வெள்ளம் மரத்துண்டுகளை உருட்டிக்கொண்டு வந்தது. தோங்சுக்கின் அண்ணன் பூன்மாதான் அவர்கள் ஊர்ப் படகுக்குச் சுக்கான்காரர். நேராக நிலையத்துக்கு வந்து விச்சியனிடம் பேசினார்.

"மூணே நாள் தள்ளி வைங்க. தண்ணி தானா இறங்கிடும்."

"மூணு பாஷையில அச்சடிச்சிருக்கு பூன்மா. ஓட்டல் பூரா ஆளுங்க. அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது, ஆத்துக்கு மனசு சரியில்லைன்னா?"

அன்று இரவுச் சாப்பாட்டின்போது லம்துவான் புருஷனிடம் போக வேண்டாம் என்றாள். அவன் மிளகாய்த் துவையலில் சோற்று உருண்டையைத் தோய்த்தபடி சிரித்தான். "நீ குறிச்ச தேதி. நானே வரலைன்னா ஊர்ல உன்னை என்ன பேசுவாங்க?"

சனிக்கிழமை காலைச் சுற்றில் ஜெயித்தார்கள். படம் அப்போது எடுத்தது. மத்தியானச் சுற்றில் பாலத்துக்கு அருகே ஒரு மரம் விலாவில் மோதிப் படகு கவிழ்ந்தது. நாற்பத்தொன்பது பேரில் நாற்பத்தெட்டு பேர் கரையேறினார்கள். தோங்சுக்கை இரண்டு நாள் கழித்து மூங்கில் புதரில் கண்டெடுத்தார்கள். இடையில் ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி நடந்தது. வந்தவர்கள் ஏமாந்து போகக்கூடாது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒரு நிமிஷம் மௌனமும் இருந்தார்கள்.

வெளியே போயிருந்த விச்சியன் நிலையத்துக்குத் திரும்பியதும் அவள் வழிகாட்டியின் அந்தப் பக்கத்தை அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

"இது அவரு, சார்."

விச்சியன் கெட்ட மனுஷன் இல்லை. சாவு வீட்டுக்கு மூன்று நாளும் வந்தவர், பிணப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குத் தெரியும்மா. விளம்பரக்காரர் முந்நூறு படத்தைப் பாத்துட்டு இதைத்தான் எடுத்தாரு. இதுல இருக்கற உயிரு வேற எதுலயும் இல்லைன்னாரு."

"உயிரு."

"நான் என்ன சொல்ல வர்றேன்னா... இதை நீ பெருமையா எடுத்துக்கலாமில்ல? நாடு பூரா அவன் முகம் போகுது."

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டுக் கொடுக்கலாமா சார்? நானே உக்காந்து கிழிக்கறேன்."

"இருபதாயிரம் பிரதி. பின்பக்கம் நவம்பர் இருக்கு. யாருக்கும் அவன் யாருன்னு தெரியாதும்மா. பாக்கறவனுக்கு அது ஒரு படகுக்காரன்."

மறுநாளிலிருந்து அந்த வழிகாட்டியைத்தான் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். முதலில் கை கூசியது. பிறகு பழகிப்போனது. பழகிப்போனதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

ஏப்ரல் கூட்டத்தில் தலைநகரிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். உடம்பெல்லாம் ஈரம், கன்னத்தில் வெள்ளை மாவு. அந்தப் பெண் மேசையில் சாய்ந்துகொண்டு பக்கத்தைப் புரட்டி அக்டோபரில் நிறுத்தினாள்.

"அக்கா, இதுக்குத்தான் மறுபடி வரணும்னு இவர் சொல்றாரு. இந்த ஆளு முகத்தைப் பாருங்களேன், எவ்வளவு சந்தோஷம். இவர் இந்த வருஷமும் ஓட்டுவாரா?"

"இல்லைம்மா."

"ஏன், வயசாயிடுச்சா?"

"செத்துட்டாரு. இந்தப் படம் எடுத்து நாலு மணி நேரத்துல. இதே ஆத்துல."

பெண்ணின் கணவன் தடுமாறி, "உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்றான்.

"என் வீட்டுக்காரர்" என்று சொல்லிவிட்டு, "மெழுகுவர்த்தித் தேர் வேணும்னா ஜூலையில வாங்க. அதுல யாரும் சாகறதில்லை" என்றாள் லம்துவான்.

அவர்கள் அதை இணையத்தில் எழுதிவிட்டார்கள். கோபமாகக்கூட அல்ல, இரக்கமாகத்தான். ஆனால் மாவட்டத்திலிருந்து விச்சியனுக்குப் போன் வந்தது. அவர் லம்துவானை முன்மேசையிலிருந்து எடுத்துப் பின்னறையில் கடிதம் பிரிக்கும் வேலைக்குப் போட்டார். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார். அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

பின்னறையில் யாரும் எதுவும் கேட்பதில்லை. அங்கே உட்கார்ந்துதான் அவள் ஒரு மனு எழுதினாள். நீளமாக இல்லை: பந்தயத் தேதியைப் பழையபடி ஆற்றைப் பார்த்த பிறகே குறிக்க வேண்டும், அச்சிட்ட தேதியில் தண்ணீர் மிகுந்திருந்தால் ஏழு ஊர்ப் படகும் இறங்காது. விடுமுறை நாட்களில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சுக்கான்காரர் வீட்டுக்கும் போனாள். முதல் கையெழுத்து பூன்மா போட்டார். தம்பி செத்ததிலிருந்து அவர் அவளிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசியதில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு, "இதை நீ போன வருஷம் செஞ்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். அவள் பொறுத்துக்கொண்டாள். ஜூலை முடிவதற்குள் ஏழு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மனுவை மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கி வந்த அன்று, சாவுக்குப் பிறகு முதன்முறையாக அவளுக்கு நன்றாகப் பசித்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் பூன்மா வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்தார். லம்துவான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"புதுப் படகு தர்றாங்க" என்றார்.

"யாரு?"

"மாவட்டத்துல. ஒரே மரத்துல குடைஞ்சது, ஐம்பத்தஞ்சு ஆளு உக்காரலாம். பழசுக்கு விலா போச்சுன்னு உனக்கே தெரியும். எல்லாருக்கும் மிதவைச் சட்டையும் தர்றாங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னா..." தண்ணீரைக் குடித்தார். "மனுவுல இருந்து என் பேரை எடுத்துட்டேன் லம்துவான். நான் எடுத்ததும் மத்த ஊரும் எடுத்துட்டாங்க. வேற யார் வாயாலயோ நீ கேக்க வேணாம்னு வந்தேன்."

வேலிக்கு அப்பால் யாரோ கோழியை விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க தம்பிண்ணே."

"தெரியும்."

"ஒரு படகுக்கு."

"படகு இல்லாம ஊரு என்ன செய்யும்? பசங்க துடுப்பைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு வேலை தேடிக் கிளம்பிட்டா எனக்கு நல்லாயிருக்குமா? தோங்சுக்குக்கே பிடிக்குமா?"

"அவருக்கு என்ன பிடிக்கும்னு நீங்க சொல்லாதீங்க. அன்னைக்கு 'இறங்காதே'ன்னு சொல்ல வேண்டியவரு நீங்க. சுக்கான் உங்க கையிலதானே இருந்துச்சு?"

பூன்மாவின் முகம் கறுத்தது. எழுந்து நின்றார். "சுக்கான் என் கையில இருந்துச்சு. தேதி யார் கையில இருந்துச்சு?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "பத்து மாசமா இதைக் கேக்கக்கூடாதுன்னு வாயை மூடிட்டிருந்தேன். நீயே கேக்க வச்சுட்ட."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். உள்ளே பாயில் படுத்திருந்த மாமியார் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். லம்துவான் உள்ளே போனபோது அந்தக் கிழவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். யார் மேல் கோபம் என்று லம்துவான் கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு இருந்தது ஒரே எண்ணம்தான். வெளியே யாரிடமும் சொல்ல முடியாத எண்ணம். ஆறு பொங்க வேண்டும். அச்சிட்ட அந்தத் தேதியில், மூன்று பாஷையிலும் படித்துவிட்டு வந்தவர்கள் கரையில் நிற்க, ஒரு படகும் இறங்க முடியாதபடி தண்ணீர் வர வேண்டும். தான் சொன்னது சரி என்று ஆற்றுத் தண்ணீராவது சொல்ல வேண்டும். மற்றவர்களின் புருஷன்களும் அந்தப் படகுகளில் உட்காரப் போகிறார்கள் என்பது தெரிந்தும் அப்படி நினைத்தாள். விகாரையில் பிக்குகளுக்குச் சோறு போடும்போதுகூட அதையே நினைத்தாள்.

மழை பெய்யவில்லை. செப்டம்பரும் பொய்த்தது. அக்டோபர் பிறந்தபோது ஆற்றின் நடுவே மணல்திட்டு தெரிந்தது. படகுகள் தரை தட்டாமல் இருக்கப் பந்தய தூரத்தையே பாதியாகக் குறைத்தார்கள்.

பந்தயத்தன்று கூட்டம் அதிகம் என்பதால் அவளையும் ஆற்றங்கரைக் கூடாரத்துக்கு வழிகாட்டி விநியோகிக்க அனுப்பினார்கள். வெள்ளைக்காரர்கள், சீனர்கள், தலைநகரத்துக் குடும்பங்கள், கம்பியில் குத்திச் சுட்ட மீன், மேளம். ஐம்பத்தைந்து ஆளோடு புதுப்படகு மிதவைச் சட்டை பளபளக்க வந்தது. முதல் வரிசையில் பூன்மாவின் மருமகன் இருந்தான். ஒருவன் படகிலிருந்து தவறி விழுந்தான். விழுந்தவன் எழுந்து நின்றபோது தண்ணீர் அவன் இடுப்புக்குக்கூட வரவில்லை. கரையே சிரித்தது.

விச்சியன் வியர்வையைத் துடைத்தபடி அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாத்தியாம்மா? ஒண்ணும் ஆகலை. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. மனசுல இருந்து எடுத்துடு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். "அடுத்த மாசத்துல இருந்து பழையபடி முன்மேசைக்கு வந்துடு. உன்னை மாதிரி பதில் சொல்ல ஆளில்லை."

"சரி சார்" என்றாள். வேறு வேலை எங்கே இருக்கிறது?

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, கேழ்வரகு நிறத்தில் கலங்கியிருந்த தொட்டித் தண்ணீரை மாற்றி, மாமியாருக்கு ஒட்டரிசிச் சோறும் மீனும் எடுத்து வைத்தாள். கிழவி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "யாரு ஜெயிச்சா?" என்று கேட்டாள்.

"நம்ம ஊர்ப் படகுதான்."

கிழவியின் முகம் மலர்ந்தது. மறைக்கப் பார்த்தும் முடியவில்லை. "எவ்வளவு வித்தியாசத்துல?"

"அரைப் படகு நீளம்" என்றாள் லம்துவான். பிறகு மீனின் முள்ளை எடுத்துவிட்டுச் சதையை மாமியாரின் பக்கம் தள்ளி வைத்தாள்.