சரியாப் பேசுங்கக்கா

சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஹபீபா பீவி இல்லாவிட்டால் சிந்துஜாவுக்கு ஒரு குரல்கூடக் கிடைத்திருக்காது. மலாயிலோ தமிழிலோ பேசினால் புரிந்துகொண்டு கிளினிக்கில் நேரம் பதிந்து தரும் செயலி ஒன்றைச் சிந்துஜாவின் நிறுவனம் செய்துகொண்டிருந்தது. மலாய்க்குப் பேச்சுப் பதிவுகள் ஏராளம். மலாய் கலந்த இந்த ஊர்த் தமிழுக்குத்தான் இல்லை. "நம்மாளுங்களுக்குத்தானே, செஞ்சிருவோம்லா" என்று ஹபீபா பீவி தெருப் பெண்களைக் கடை மாடிக்குக் கூட்டி வந்தாள்.

"பாசார் போயிட்டு வரேன்லா, மவன் கெரேத்தா எடுத்துட்டுப் போயிட்டான்" என்று அவர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். சிந்துஜா குறுக்கிட்டாள்.

"பாசார் வேணாம், சந்தைன்னு சொல்லுங்க. கெரேத்தா வேணாம், வண்டின்னு சொல்லுங்க. லா வேணாம். சரியாப் பேசுங்கக்கா."

மலாய் கலந்தால் அப்பா முறைக்கும், யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு குடியேறிய வீட்டில் வளர்ந்தவள். தமிழுக்கு நல்லது செய்வதாகவே நம்பினாள். பெண்களும் பள்ளிப் பாடம் ஒப்பிப்பதுபோல் பேசிக் கொடுத்தார்கள்.

அந்தப் பதிவுகளைக் கேட்டுப் பழகிய செயலியின் சோதனை நாளில் மேலாளர் அருணனும் வந்திருந்தான். ஹபீபா பீவி முதல் ஆளாகப் பேசினாள்.

"கால் வீங்கியிருக்குலா. டாக்டரப் பாக்கணும். பாகி வேணாம், கடை இருக்கு."

பாகி என்றால் மலாயில் காலை நேரம். திரையில் 'பாக்கி வேண்டாம்' என்று வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி பேசினாள், மறுபடியும் அதுவே. இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஹபீபா பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அருணனைப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்குங்க தம்பி. எங்களுக்குத்தான் தமிழ் ஒழுங்கா வராது."

'இல்லக்கா, தப்பு என்னோடது' என்று சொல்ல அந்த ஒரு நொடி போதும். அருணன் பக்கத்தில் நின்றான். சிந்துஜா குனிந்து மடிக்கணினியைப் பார்த்தாள்.

செயலி அப்படியே வெளியானது. மீண்டும் பதிவு செய்ய நிறுவனத்தில் அனுமதி வாங்கச் சில மாதங்கள் ஆயின. வாங்கியதும் கடைக்கு ஓடினாள்.

"சுடா மாக்கான்?" என்றாள் ஹபீபா பீவி. எப்போதும் 'பசியாறிட்டியா' என்றே கேட்கிறவள், அவளிடம் மலாயில் பேசியதே இல்லை.

"அக்கா, அன்னிக்குத் தப்பு என்னோடது. இந்தத் தடவை நீங்க பேசுற மாதிரியே பேசுங்க."

"அதெல்லாம் போவட்டும்மா. நாங்க இப்ப மலாய்ப் பொத்தானத்தான் அமுக்குறோம். டக்குனு புரிஞ்சுக்குது."

குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் சிந்துஜா கெஞ்சியாவது பார்த்திருப்பாள். அதற்குள் உள்ளே போன ஹபீபா பீவி, "டேய் ஹைதர், ஆயாம் கருகுதுலா, அடுப்பப் பாரு!" என்று அடுப்படிப் பையனிடம் கோழிச் சட்டியைக் காட்டிச் சத்தம் போட்டாள். ஹபீபா பீவி தட்டில் வைத்துவிட்டுப் போன சோற்றைப் பிசைந்தபடி சிந்துஜா உட்கார்ந்திருந்தாள். ஒலிப்பதிவுக் கருவியைப் பையிலிருந்து எடுக்க அவளுக்குக் கை வரவில்லை.