நாலாவது போல்ட்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. இரண்டாயிரத்து ஒன்றில் திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். கீழ்ப் போர்ஷனில் அசோகனும் அவன் மனைவி ஜெயஸ்ரீயும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் காருக்கு அடியில் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தேன். கதையில் என் பங்கு அவ்வளவுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘எண்ணூர்க் கடற்காற்றின் உப்பு இரும்பையும் உறவுகளையும் ஒரே மாதிரி—’

வேண்டாம். இரும்பு துருப்பிடித்தது உண்மை. அதிலிருந்து தொடங்குகிறேன்.

2

கார் ஒரு பழைய மினி, குட்டி வெளிநாட்டு வண்டி. அசோகன் வேலை பார்த்த வார்ப்படத் தொழிற்சாலையில் எந்தக் காலத்திலோ ஓர் அதிகாரி விட்டுப்போன வண்டி. ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்ததைப் பழைய இரும்பாக எடுத்து வந்து ஓட வைத்திருந்தான். முன்பக்கம் ஒழுங்காகப் போகும். பின்பக்கம் தனக்குத் தோன்றிய வழியில் போகும்.

(கார் தெரியாதவர்களுக்கு: இந்த வண்டியின் பின்சக்கரங்கள் தனியான ஓர் இரும்புச் சட்டத்தில் இருக்கும். அந்தச் சட்டத்தை வண்டியின் உடம்போடு நான்கு இடங்களில் போல்ட் போட்டுப் பிடித்திருப்பார்கள். இரும்பும் இரும்பும் இடிக்காமல் இருக்க நடுவே ரப்பர் புஷ். ரப்பர் செத்துப்போனால் ஒவ்வொரு பள்ளமும் நேராக உட்கார்ந்திருப்பவர் முதுகுக்கு வந்துவிடும்.)

உட்கார்ந்து போகவேண்டியவள் ஜெயஸ்ரீ. ஏழாம் மாதம். போன வருடம் ஒன்று தங்காமல் போயிருந்தது. ராயபுரம் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஆட்டோவே கூடாது என்று சொல்லிவிட்டார். துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள் அந்தச் சாலையை என்ன பாடு படுத்தியிருந்தன என்பது அதில் போனவர்களுக்குத் தெரியும்.

3

பழைய கார் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் அசோகன் கடை கடையாக ஏறி இறங்கினான். அந்த அளவில் புஷ் இல்லை. ஜெயஸ்ரீக்கு ஓர் இடம் தெரியும். அவள் அண்ணன் பொன்னுரங்கம் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு மெக்கானிக். எஞ்சினுக்கு அடியில் வைக்கிற கனத்த ரப்பர் அவனிடம் உண்டு.

அண்ணனோடு அவள் பேசியே வருடக்கணக்காகியிருந்தது. அசோகன் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில், புத்தர் படம் மாட்டிய வீட்டில் வளர்ந்தவன். அவள் மீனவக் குப்பத்துப் பெண். கல்யாணத்தன்று அவள் வீட்டார் சாதியைச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். தாய் மங்கம்மா மகளைத் தலைமுழுகினாள்.

ரயில் குலுக்காது என்று ஜெயஸ்ரீ ராயபுரம் வரை ரயிலில் போனாள். அங்கிருந்து மெல்ல நடந்தாள். அண்ணனைப் பார்த்ததும் அவள் அழுததாக ஒரு பக்கம் எழுதி அவளிடமே படித்துக் காட்டினேன்.

“நான் எங்க சார் அய்தேன்? எனுக்கு அப்ப ஒண்ணுக்கு முட்டிகினு இர்ந்துச்சு.”

அடித்துவிட்டேன். நடந்தது இதுதான். பேப்பரில் சுற்றிய செத்த புஷ்ஷை அவன் முன்னால் வைத்தாள்.

“இந்த சைசுல ரப்பர் வோணும்.”

அவன் அவள் வயிற்றைப் பார்த்தான். புஷ்ஷைப் பார்த்தான்.

“எத்தினி மாசம்?”

“ஏழு.”

“இத்த யாரு மாட்டுவா?”

“அவருதான்.”

“தனியாவா? நாஸ்தி பண்ணிடுவான்.”

4

ஞாயிற்றுக்கிழமை பொன்னுரங்கமே வந்தான். ரப்பர்களை அளவுக்குக் கடைந்து கொண்டுவந்திருந்தான். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேராகக் காருக்கு அடியில் போனான்.

கார் மரக்கட்டைகள் மேல் நின்றது. கழற்றிய சட்டம் ஒரு பெரிய ஜாக்கி மேல். ஜாக்கி, நான் பக்கத்து டிரெய்லர் ஷெட்டில் இரவல் வாங்கியது, மதியத்துக்குள் திருப்பவேண்டும். மச்சான்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. நடுவில் கிடந்த என் வழியாகப் பேசினார்கள்.

“சார், ஜாக்கிய இன்னும் கொஞ்சம் ஏத்தச் சொல்லு.”

“ஏத்தியாச்சுன்னு சொல்லு சார்.”

முதல் வரைவில் இந்த இடத்தில் ஜாக்கியை நழுவவிட்டேன். அசோகனின் கை மாட்டிக்கொண்டது. பொன்னுரங்கம் தோள்கொடுத்துத் தூக்கினான். ரத்தம், கண்ணீர். நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் ஒருவன் மனம் இளக இன்னொருவன் கை நசுங்கவேண்டும் என்று கேட்க நான் யார்? ஜாக்கி நழுவவில்லை. நல்ல ஜாக்கி.

மூன்று போல்ட் ஏறின. நாலாவது ஏறவில்லை. ஓட்டைக்கு ஓட்டை அரை விரல் தள்ளி நின்றது. பொன்னுரங்கம் கடப்பாரையை வைத்து நெம்பிப் பார்த்தான். வியர்வை மண்ணில் சொட்டியது. கடைசியில் அசோகன் என்னிடம் சொன்னான்.

“சார், மூணையும் முறுக்கி வுட்டாரு. அதான் வர்ல. எல்லாத்தியும் லூசா வுட்டு, நாலும் ஏறின பெறவு முறுக்கணும்.”

நான் வாயெடுப்பதற்குள், “காதுல வியுந்துச்சு” என்றான் பொன்னுரங்கம். மூன்றையும் தளர்த்தினான்.

(இதற்கு ஒரு தத்துவம் எழுதினேன், ஒரு முழுப் பத்தி. படித்துப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.)

இப்போது சட்டம் அசைந்தது. பொன்னுரங்கம் முழங்காலால் முட்டுக்கொடுத்து இரண்டு கையாலும் தள்ளினான். ஓட்டைகள் நெருங்கின.

“புடி மச்சான், புடி, வுட்றாத.”

அசோகனுக்கு வாய் தவறி வந்த சொல். சொல்லிவிட்டு, போல்ட்டும் கையுமாக அப்படியே கிடந்தான்.

“புட்ச்சிகினுதான கீறேன்” என்றான் பொன்னுரங்கம். “நீ போடு.”

போல்ட் உள்ளே போனது.

5

வண்டியைத் தரையில் இறக்கி, எல்லாவற்றையும் முறுக்கி, ஜெயஸ்ரீயை உட்கார வைத்து அசோகன் தேரடி வரை ஓட்டிப் போய் வந்தான். பொன்னுரங்கம் தெருமுனையில் குந்தியபடி பின்சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தூக்கிப் போடுதா?”

“இல்லண்ணா. பள்ளமே தெர்ல.”

தெரிந்திருக்கும். புது ரப்பர் மாட்டினாலும் அது மினிதான்.

அசோகன் மண்ணெண்ணெய் ஊற்ற, பொன்னுரங்கம் கை கழுவினான். உள்ளே சங்கராமீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. “ண்ணா, துன்னுட்டுப் போ” என்றாள் ஜெயஸ்ரீ, அடுப்படியிலிருந்து, சாதாரணமாக.

அப்போதுதான் ஷெட்டிலிருந்து ஆள் வந்து ஜாக்கி எங்கே என்றான். நான் போகவேண்டியதாயிற்று. திரும்பியபோது பொன்னுரங்கம் இல்லை.

6

குழந்தை அந்தக் காரில் போய்த்தான் பிறந்தது. பெண். ஆஸ்பத்திரி வாசலில் பொன்னுரங்கம் முன்னதாகவே வந்து நின்றிருந்தானாம். யார் சொல்லி வந்தான் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. குழந்தைக்குக் கார்குழலி என்று பெயர் வைத்தார்கள். பெயரில் கார் இருப்பது தற்செயல் என்கிறான் அசோகன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பொன்னுரங்கம் சாப்பிட்டானா?

ஜெயஸ்ரீ சொல்லும் முடிவு: இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். அசோகன் சொல்லும் முடிவு: வாசலில் நின்று தண்ணீர் குடித்தான், அவ்வளவுதான். மூன்றாவது முடிவுக்காகக் கல்மண்டபம் டீக்கடையில் பொன்னுரங்கத்தைப் பிடித்தேன். கதை எழுதுகிறேன், பெயர்களை மாற்றிவிடுவேன் என்றேன். அவன் டீ கிளாசைக் கீழே வைத்தான்.

“அத்த மட்டும் எய்தாத சார்.”

“ஏன்?”

“எங்கம்மாக்கு படிக்கத் தெரியாது. யாரனா படிச்சுக் காட்டுவாங்க. பேர மாத்தினா அதுக்குத் தெரியாதா இன்னா? எனுக்கு அம்மாதான் இன்னும் சோறு போடுது.”

ஆகவே கதை இந்த வாக்கியத்தில் நிற்கிறது:

பொன்னுரங்கம் ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி,

மீதியை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். குப்பத்துப் பக்கம் போனால் மட்டும் சத்தமாக வாசிக்க வேண்டாம்.