போதுமான அளவு மோசமான முதல் வரைவு

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் நாத்தனார் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கிறாள். எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறாள். திங்கட்கிழமை சாயங்காலம் கீழே இறங்கி வந்து, என் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, மனதில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். கொட்டியதை நான் அள்ளிக்கொண்டேன். கதை எழுதுகிறவர்களுக்கு வெட்கம் கொஞ்சம் குறைவு.

"அண்ணி, இதைக் கதையா எழுதப் போறீங்கதானே?" என்றாள், எழுந்துகொண்டே.

"சேச்சே," என்றேன்.

ஆனால் ஆரம்பம் லேசில் வந்துவிடவில்லை.

மனித குலம் எழுதத் தொடங்கிய நாள் முதலாகக் கல்வியானது — [வேண்டாம். மனித குலத்துக்கும் என் நாத்தனாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.]

சன்னல் வழியே விழுந்த வெயில் அவளுடைய தனிமையைப் போலவே — [வெயிலுக்கு வேறு வேலை இருக்கிறது.]

கதவைத் திறந்தபோது வெளியே அக்கா நின்றிருந்தார். [இது பரவாயில்லை. ஆனால் அக்கா யார், ஏன் வந்தார் என்று சொல்லாமல் கதவைத் திறந்து என்ன பிரயோசனம்? கொஞ்ச நேரம் மூடி வைக்கிறேன்.]

2

அந்தக் கல்லூரியில் கணக்குப் படிக்க வந்தாலும் கணினி படிக்க வந்தாலும் முதலாண்டில் கட்டுரைப் பாடத்தில் தேறியாக வேண்டும். மூன்று முறை தவறினால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பழைய முறையில் ஒரு தலைப்பு கொடுத்து, ஒரே மூச்சில் எழுதி வாங்கிவிடுவார்கள். தலைப்பும் 'ஒழுக்கத்தின் இன்றியமையாமை' மாதிரி, யாரும் மறுத்துப் பேச முடியாததாக இருக்கும். மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் வருடா வருடம் இதில் கவிழ்ந்தார்கள். அதில் பாதிப்பேர் வேலை பார்த்துக்கொண்டே படிக்க வந்தவர்கள்.

என் நாத்தனார் விடாப்பிடியாகச் சண்டை போட்டு, ஒரு வருடம் மட்டும் சோதனையாகப் பாடத்தை மாற்ற அனுமதி வாங்கினாள். அவரவர் வாழ்க்கையிலிருந்து அவரவர் தலைப்பு. ஒவ்வொரு கட்டுரைக்கும் மூன்று வரைவுகள். முதல் வரைவுக்கு மார்க் கிடையாது. அதிலிருந்து கடைசி வரைவு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்குத்தான் மார்க். எழுதத் தெரிந்தவனுக்கு மார்க் போடுவதில் என்ன இருக்கிறது, திருத்தத் தெரிந்தவனுக்குப் போடுங்கள் என்பது அவள் கட்சி.

வருடக் கடைசியில் கிட்டத்தட்ட எல்லாருமே தேறும் நிலையில் இருந்தார்கள். முதலில் முறைத்துக்கொண்டிருந்த துறைத்தலைவர்* இப்போது தேர்ச்சி விழுக்காட்டை வரைபடமாகப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை கல்விக் குழு கூடி, இந்த முறையை நிரந்தரமாக்குவதாக இருந்தது.

* இவரை முதலில் வில்லனாக எழுதினேன். பெரிய மீசையும் வைத்தேன். "ஐயோ அண்ணி, அவர் நல்ல மனுஷன். பயந்த சுபாவம், அவ்வளவுதான்," என்றாள் நாத்தனார். மீசையை எடுத்துவிட்டேன்.

3

இப்போது கதவைத் திறக்கலாம்.

திங்கட்கிழமை மத்தியானம் ஆசிரியர் அறை வாசலில் நின்றது அக்கா. வகுப்பில் எல்லாரையும்விட மூத்தவர் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பேருந்து நிலையத்தில் விசாரணைக் கூண்டில் வேலை. பழைய முறையில் இரண்டு முறை தவறியவர், இது மூன்றாவது. படிப்பை முடித்தால்தான் அலுவலகத்துக்குள் மேசை வேலை கிடைக்கும். கையில் இரண்டு தாள்கள் வைத்திருந்தார்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"உள்ள வாங்க அக்கா."

"என் முதல் டிராஃப்ட் போதுமான அளவு மோசமா இல்லைன்னு பிள்ளைங்க சொல்றாங்க. இதை இன்னும் எப்படி மோசமாக்கறதுன்னு கொஞ்சம் சொல்லித் தர்றீங்களா?"

நாத்தனார் பேனாவைக் கீழே வைத்தாள்.

அக்கா ஒளிக்கவில்லை. இதுவும் பாடத்தில் சேர்ந்ததுதான் என்று நினைத்திருந்தார், பாவம். எல்லாரும் முதலில் கடைசி வரைவைத்தான் எழுதுகிறார்களாம். அதை நன்றாகச் செதுக்கி முடித்த பிறகு, உட்கார்ந்து உடைத்து, முதல் வரைவாகக் கொடுக்கிறார்களாம். அப்போதுதானே தூரம் தெரியும்!

"எப்படி உடைப்பாங்க?"

"முதல்ல மனித குலத்தைக் கொண்டு வந்துடணும் மேடம். 'மனித குலம் தோன்றிய நாள் முதலாக'ன்னு ஆரம்பிச்சா பாதி கெட்டுடும். பசங்களுக்கு அதோட சரக்கு தீர்ந்துடும். நான் இன்னும் கொஞ்சம் பண்ணிப் பார்த்தேன்."

அவர் கட்டுரை, பேருந்து தாமதமானால் 'தாமதம்' என்று மட்டும் அறிவிக்காமல் எவ்வளவு தாமதம் என்று சொல்ல வேண்டும் என்பதைப் பற்றியது. நல்ல தாளில் மேலாளர் குறுக்கே வந்து, நேரம் சொன்னால் அதற்கு நாம் பொறுப்பாகிவிடுவோம் என்று வாதாடுகிறார். உடைத்த தாளில் அவரைக் காணோம்.

"மேலாளரை ஏன் எடுத்தீங்க?"

"அவர் பேசினா நான் பதில் சொல்லணும். பதில் சொன்னா கட்டுரை நல்லாயிடுது மேடம். எவ்வளவு கெடுத்தாலும் அந்த இடம் தூக்கி நிறுத்திடுது. அதான் ஆளையே எடுத்துட்டேன்."

[அக்கா மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கதைக்கு இவ்வளவு தோதாக ஒருத்தர் பேசுவாரா? நாத்தனாரிடம் கேட்டேன். "நீங்க குறைச்சுத்தான் எழுதியிருக்கீங்க," என்றாள்.]

4

இந்த இடத்தில் நாத்தனாரை அழ வைக்க ஆசைப்பட்டேன். அவள் அழவில்லை. அவளுக்கு வந்தது கோபம். பிள்ளைகள் மேல் பாதி, தன் மேல் பாதி. தூரத்துக்கு மார்க் என்றால் ஆரம்பக் கோட்டைப் பின்னால் தள்ளி வைப்பார்கள் என்று ஏன் தோன்றாமல் போயிற்று? வருடம் முழுவதும் முதல் வரைவுகளைப் பார்த்து உருகி, கடைசி வரைவுகளைப் பார்த்துப் பூரித்திருக்கிறாள். பிள்ளைகள் நன்றாகக் காது குத்தியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"பேசாம இருங்கம்மா. எல்லாரும் பாஸ். யாருக்கு என்ன நஷ்டம்?"

"நீங்க அனுப்பின அந்த வரைபடம் பொய் சார்."

"சொன்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல? சோதனை ரத்து. எல்லாரும் மறுபடி பழைய பரீட்சை. உங்க அந்த அக்கா கதி?"

அதுதான் அவளைப் போட்டு அறுத்தது. வாயைத் திறந்தால் அக்கா பழைய பரீட்சைக்கு உட்கார வேண்டும். அதில் தவறினால் படிப்பே போச்சு. திறக்காவிட்டால் அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் பிள்ளைகள் ஒழுங்காக உடைத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள், இவளும் பூரித்துக்கொண்டே இருப்பாள்.

"ஆனா சார், இவ்வளவு நல்லா உடைக்கத் தெரியணும்னா எது எதைத் தாங்குதுன்னு தெரிஞ்சிருக்கணும். அக்காவுக்குத் தெரியுது. நான் அதைத்தான் சொல்லித் தரணும்னு நெனச்சேன். ஏறுமாறா வந்து சேர்ந்திருக்கு."

"அதைக் குழு ஒத்துக்குமா?"

"தெரியாது. ஆனா வியாழக்கிழமை சொல்லத்தான் போறேன்."

5

சொல்வதற்கு முன்னால் அக்காவிடம் கேட்க வேண்டும். அன்று சாயங்காலமே பேருந்து நிலையத்துக்குப் போனாள். விசாரணைக் கூண்டின் கண்ணாடியில் பேசுவதற்கு விட்டிருந்த ஓட்டை கையளவுதான். குனிந்து நின்று பேச வேண்டியிருந்தது. பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"குழுவுல எல்லாத்தையும் சொல்லப் போறேன் அக்கா. சொல்லிட்டு, அவங்களையே ஒரு கட்டுரை கொடுக்கச் சொல்வேன். யாராவது ஒருத்தர் அவங்க கண் முன்னாடி அதை உடைச்சு, ஒவ்வொரு அடிக்கும் காரணம் சொல்லி, மறுபடி சரிபண்ணிக் காட்டணும். இனிமே அதுதான் பாடம், அதுதான் பரீட்சைன்னு கேட்கப் போறேன்."

"அவங்க ஒத்துக்கலைன்னா?"

"பழைய பரீட்சைதான்."

அக்கா இவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "பதினாலாம் நம்பர் அரை மணி நேரம் லேட்டும்மா, உட்காருங்க," என்று ஒரு கிழவிக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"நீங்க சொல்லாம இருந்தா நான் பாஸ்."

"ஆமா."

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க மேடம். நான் இந்தக் கூண்டை விட்டு வெளிய வரணும். வெளையாட்டுக்குப் படிக்கல."

"தெரியும் அக்கா. அதனாலதான் நீங்க வந்து செய்வீங்களான்னு முன்கூட்டியே கேட்க வந்தேன். நீங்க வரமாட்டேன்னா உங்க பேரே வெளிய வராது. வேற யாரையாவது கேட்டுப் பார்க்கறேன்."

அக்கா கோபமாகத்தான் இருந்தார். வரிசையில் இரண்டு பேருக்குப் பதில் சொல்லி அனுப்பினார். பிறகு ஓட்டைக்கு அருகில் குனிந்தார்.

"வேற யாரு? அந்தப் பசங்களா? மனித குலத்தைத் தவிர வேற எதையும் கொண்டு வரமாட்டாங்க. என் ஷிஃப்டை மாத்திக்கிறேன். வர்றேன்."

6

கதை கிட்டத்தட்ட முடிந்தது. முடிவு மட்டும் பாக்கி. இரண்டு எழுதிப் பார்த்தேன்.

அக்கா பேனாவை வைத்ததும் குழுவில் ஒரு கணம் நிசப்தம். பிறகு மூத்த பேராசிரியர் எழுந்து கைதட்ட — [நாத்தனார் படித்துவிட்டு, "இவங்க எந்தக் கல்லூரியில கைதட்டறாங்கன்னு சொல்லுங்க, நான் அங்க வேலைக்குப் போறேன்," என்றாள்.]

குழு மறுத்தது. மழையில் நனைந்தபடி அக்கா பேருந்து நிலையம் நோக்கி — ["மழை எதுக்கு அண்ணி?"]

இரண்டையும் அடித்துவிட்டேன். இன்று புதன்கிழமை. கூட்டம் நாளைக்கு. நடக்காததை எழுதினால் அதுவும் துறைத்தலைவரின் வரைபடம் மாதிரிதான்.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் பகுதியைப் படித்த நாத்தனார், அடித்துப் போட்ட ஆரம்பங்களில் விரலை வைத்தாள்.

"இதெல்லாம் நெஜமாவே முதல்ல எழுதினதா?"

நான் தாளைத் திரும்ப வாங்கப் பார்த்தேன்.

"அண்ணி!"

"அழகா இருக்கட்டுமேன்னு அப்புறம் சேர்த்தேன்," என்றேன். மனித குலத்தை அக்காவிடமிருந்துதான் கடன் வாங்கினேன் என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

அவள் சிரித்தாள், மூன்று நாளில் முதல் முறையாக. எனக்கு அது போதும் போல இருந்தது. உண்மையான முதல் வரைவு ஒரே வரிதான்: திங்கட்கிழமை, அவள் மாடியேறிப் போனதும், மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் கிறுக்கியது. 'அவள் சொல்லத்தான் போகிறாள், எனக்குப் பயமாக இருக்கிறது.'

"ரொம்பச் சுமார்," என்றாள். "ஆனா இதை எடுத்துடாதீங்க."

7

ஆகவே முடிவு உங்களிடம்.

நாளைக் காலை அக்காவை உள்ளே கூப்பிடுவார்கள். பயந்த சுபாவமுள்ள துறைத்தலைவர் ஒரு தாளை அவர் பக்கம் தள்ளுவார். யாரோ நன்றாக எழுதிய ஒரு பக்கம். என் நாத்தனார் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். உதவி செய்ய அனுமதி இல்லை. அக்கா படித்து முடித்து, பேனாவைத் திறப்பார்.

குழுவில் ஒரு நாற்காலி காலி. நீங்கள் உட்காருங்கள். உங்கள் முன்னாலும் தாள் இருக்கிறது: இந்தக் கதைதான். இதை நன்றாகக் கெடுக்க வேண்டும், ஒரே ஓர் இடத்தை அடித்தால் போதும், மொத்தமும் சரிந்துவிட வேண்டும். எதை அடிப்பீர்கள்? சன்னல் வெயிலை இல்லை, அது போனால் கதைக்கு ஒன்றும் ஆகாது. மழையையும் இல்லை. நிதானமாகத் தேடுங்கள், அக்காவும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.

கிடைத்துவிட்டதா? அதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கையைத் தூக்குங்கள். வாக்கெடுப்பு நடக்கிறது.