எட்டுப் பெட்டிகளில் ஒரு வைகை

1.
இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரி ஹம்சவேணி தன் பழைய கம்ப்யூட்டர் தேர்வைப் பற்றிச் சொன்னாள்: "ஒரு பெட்டி நின்னா, அது விட்ட வேலைய அடுத்த பெட்டி எடுத்துக்கிரும்ணே." நான் பாதியில் விட்ட வரிகளை எடுத்து முடிக்க எனக்கு ஒரு நாதியில்லை.

2.
'2002 மே மாத வெயில் ஆரப்பாளையத்தை...' வேண்டாம். வெயிலில் தொடங்கிய என் கதைகள் உருப்பட்டதில்லை.

அன்று ஹம்சவேணிக்குக் கடைசி ஆண்டு புராஜெக்ட் தேர்வு. தேறினால் சென்னையில் வேலை. தவறினால் வீட்டில் மாப்பிள்ளை தயார். ஜாவா நிரல் ஓடுவதற்கென்று கணினிக்குள் கற்பனையாய் ஓர் இயந்திரம் உண்டு. அவள் அதை சிவனாண்டியின் பிரவுசிங் சென்டரில் இருந்த எட்டுக் கணினிப் பெட்டிகளிலும் பரப்பியிருந்தாள். நிரலுக்கோ, ஒரே இயந்திரத்தில் ஓடுவதாக நினைப்பு. எட்டும் சேர்ந்து தண்ணீர் ஓடும் வைகையை வரைந்தன. (மதுரைக்காரர்கள் சிரிக்கலாம்.) கடைசிப் பெட்டியின் திரையில் படம் மேலிருந்து வரிவரியாக இறங்கியது.

3.
புராஜெக்டைப் பார்த்து மார்க் போட வந்த தேர்வாளரை முதலில் கடுவன் பூனையாக எழுதினேன். அடித்துவிட்டேன். பாவம், அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். வினை வாசலில் இருந்தது: அன்றுதான் பிளஸ் டூ ரிசல்ட்.

(அடிக்குறிப்பு: அப்போதெல்லாம் மார்க் பார்க்க பிரவுசிங் சென்டரில்தான் வரிசை.)

"ஏம்மா வேணி, பிள்ளைக அழுகுதுக. பெட்டிய விட்டுரும்மா," என்றார் சிவனாண்டி.

[இங்கே அவள் கெஞ்ச வேண்டும். எழுதிப் பார்த்தேன், மறுத்துவிட்டாள்.]

"உக்காரச் சொல்லுங்கண்ணே. ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணி, மறுபடி போட்டு ரிசல்ட் பாத்துக்கட்டும்."

"படம் நின்னுறாதா?"

"நின்னா நான் தோத்தேன்."

முதல் பெட்டி அணைந்தது. அது வரைந்த பாலத்தை அடுத்த பெட்டி எடுத்துக்கொண்டது. இன்னொன்று அணைந்தது. இன்னொன்று. படம் மெதுவானது, நிற்கவில்லை. ஒரே பெட்டி மிஞ்சியபோது தேர்வாளர் எழுந்தே விட்டார்.

"போதும்மா. நீ பாஸ்!"

ஹம்சவேணி தன் வீட்டு மொழியில் ஏதோ கத்தினாள். எனக்குச் சௌராஷ்டிரம் தெரியாது, சந்தோஷம் தெரியும்.

4.
வானம், பாலம், கரை எல்லாம் வந்தாயிற்று. தண்ணீர் மட்டும் பாக்கி. வாசலில் ஒரு பெண் இன்னும் தேர்வு நம்பர் எழுதிய கையோடு நின்றாள்.

முடிவு அ: ஹம்சவேணி 'இரும்மா, முடியட்டும்' என்று... சே, அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

முடிவு ஆ: "நீ உக்காரு," என்று சிரித்தபடி எட்டாவதையும் அவளே அணைத்தாள்.

நானும் பேனாவை மூடுகிறேன். பாலத்துக்குக் கீழே இன்னும் மணல்தான் தெரிகிறது. இனி இது உங்கள் பெட்டியில் ஓடுகிறது. தண்ணீரை ஓட விடுங்கள்.