பட்டாம்பூச்சிக்குப் பொன்னாடை

விழுப்புரத்தில் சவுரிராயனின் பிளெக்ஸ் கடையில் யாருக்கு மரியாதை என்றால், முதலில் பிரிண்டிங் மெஷினுக்கு, அடுத்து மெஷினுக்காகப் போட்ட ஏசிக்கு, மூன்றாவதாக டிசைனர் வெண்ணிலாவுக்கு. காது குத்தலோ கண்ணீர் அஞ்சலியோ, மஞ்சள் நீராட்டோ கட்சிக்காரர் பிறந்தநாளோ, ஊரில் கட்டுகிற பேனரில் பாதி அவள் கையில் பிறந்தது. போட்டோவில் தலைமுடியைப் பிசிறில்லாமல் வெட்டி எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று சவுரிராயன் சொல்லுவார். அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை. அவளும் யார் முகத்தையும் பார்த்துக் கேட்பதில்லை. இருவருக்கும் அது வசதி.

கடையின் பின்னறை அவளுடையது. இரைகிறது என்று டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு ஒரு மஞ்சள் பல்பு போட்டிருந்தாள். காதில் பெரிய ஹெட்போன். அதில் பாட்டு எதுவும் ஓடாது. வாடிக்கையாளர் யாரும் அந்த வாசலைத் தாண்டக் கூடாது, வேண்டியதை வாட்ஸப்பில் எழுதி அனுப்ப வேண்டும். இதையெல்லாம் சவுரிராயன் கருணையால் செய்யவில்லை. அவளை முன்னால் உட்கார வைத்திருந்த காலத்தில், வாடிக்கையாளர்கள் அவள் தோள்மேல் சாய்ந்துகொண்டு "அந்த சிங்கத்த கொஞ்சம் பெருசு பண்ணும்மா" என்று கத்தினார்கள். அவள் கணினியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து போனவள், அந்த வாரம் முழுக்க வரவில்லை. மெஷின் சும்மா நின்றது. அதற்குப் பிறகுதான் பின்னறை. கருணையைவிட இது உறுதியான ஏற்பாடு என்பது வெண்ணிலாவின் கருத்து.

சாயங்காலம் வேலை குறைந்ததும், வீணாய்ப் போன பிளெக்ஸின் வெள்ளை முதுகில் கறுப்பு மார்க்கரால் படம் போடுவாள். பகலெல்லாம் கூலிங்கிளாஸ் மாட்டி, காதில் போனை வைத்து, பின்னால் சிங்கம் வர நடந்து வருகிறவர்களை வெட்டி ஒட்டியிருப்பாள் அல்லவா, அதே ஆட்களைச் சாயங்காலம் வேறு வேலைக்கு அனுப்புவாள். ஒன்றியத் துணைச் செயலாளர் குத்துக்காலிட்டுக் குக்கர் விளக்குவார். மாவீரன் என்று தனக்குத் தானே பட்டம் போட்டுக்கொண்டவர் பல் டாக்டர் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பார். ரியல் எஸ்டேட் அதிபர் கெடார் பக்கத்துக் கொல்லையில் சேற்றோடு மல்லாட்டை பிடுங்குவார். சிங்கம் வரப்பில் உட்கார்ந்து கடலையை உடைத்துத் தின்னும். போடப் போட, நாளெல்லாம் தலைக்குள் ஏறியிருந்த இரைச்சல் கால் வழியாக இறங்கிப் போகும். படம் போடாத நாளில் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்கூட அவளுக்குப் பல்லில் கூசும்.

போன வருஷம் புதுச்சேரியில் ஒரு டாக்டர் இதற்கெல்லாம் ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். சத்தத்தைக் குறைத்துக்கொள், களைத்தால் தனியாக இரு, கை கேட்கிற வேலையை நிறுத்தாதே என்றார். அவ்வளவுதான். அதுவரை திமிர் என்றும் கொழுப்பு என்றும் இருந்தது ஒரே நாளில் வேறு பெயருக்கு மாறியதில் வெண்ணிலாவுக்கு நிம்மதிதான். ஆனால் பெயர் தெரிந்ததும் ஊருக்கே வைத்தியம் தெரிந்துவிட்டது. ஒருவர் வல்லாரைக் கீரை என்றார். ஒருவர் மூச்சுப் பயிற்சி என்றார், அவருக்கே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். கோலியனூர்ப் பெரியம்மா கல்யாணம் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள். பெரியம்மாவுக்குக் கல்யாணத்தால் எது சரியானது என்று வெண்ணிலா கேட்டாள். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பெரியம்மா அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கோகுலகிருஷ்ணன் வந்து சேர்ந்தார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். திண்டிவனத்துக்காரர். முதலில் பிளாட் விற்றார், பிறகு மூலிகை ஜூஸ் விற்றார், இப்போது 'மனச்சிறகு' என்று சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு மையம் நடத்துகிறார். காலண்டர் அடிக்க வந்தவர், சவுரிராயன் வாயைக் கிளறி விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, பின்னறை வாசலில் வந்து நின்று அவள் முதுகைப் பார்த்தார். கணினி முன்னால் உட்கார்ந்து அவள் வேலைதான் செய்துகொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பாவப்பட்டு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

"தெய்வக் கொழந்த சார்" என்றார். பிறகு மூலையில் சுருட்டிக் கிடந்த படங்களில் ஒன்றை விரித்துப் பார்த்தார். குக்கர் விளக்குகிற துணைச் செயலாளர். "திறமை இருக்கு. ஆனா ரொம்ப நெகட்டிவ். பட்டாம்பூச்சி, வானவில், சூரியன், இந்த மாதிரி போட வெச்சா மனசு தானா சரியாயிடும் சார்."

ஹெட்போனில் பாட்டு ஓடாததால் வெண்ணிலாவுக்கு எல்லாம் கேட்டது. திரும்பவில்லை. அவர் சவுரிராயனிடம் அவள் அக்காவின் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

அக்கா பானுப்ரியா வீட்டில்தான் வெண்ணிலா இருக்கிறாள். அக்காவும் தங்கையும் ஒரே ஜாடை; குணம்தான் ஒருத்திக்கு எதிர்ப்பக்கம் ஒருத்தி. போனில் கோகுலகிருஷ்ணன் என்ன பேசினாரோ, அன்று ராத்திரிச் சமையலின்போது அக்கா முடிவோடு இருந்தாள்.

"ரூமு, சாப்பாடு, சம்பளம் எல்லாம் குடுக்கறாங்களாம். சும்மா உக்காந்து படம் போட்டுக்கினு இருக்கலாமாம். உனக்கு இன்னாடி நோவுது?"

"பட்டாம்பூச்சி போடணுமாம்."

"போடேன். அது உன்ன கடிக்கவா போவுது?"

"ரூமுக்குக் கண்ணாடிச் சுவராம். வர்றவங்க எல்லாம் வெளியில நின்னு பாப்பாங்களாம்."

"பாத்தா தேஞ்சா பூடுவ? நா காலம் பூரா உன்ன பாத்துக்குவேனா சொல்லு. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

வேண்டாம் என்ற சொல் வெண்ணிலாவுக்குள் தயாராக இருந்தது. ஆனால் குக்கர் விசில், மாமா வைத்திருந்த டிவி, அக்காவின் குரல் மூன்றும் ஒன்றாக வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டன. இரைச்சல் நின்றால் போதும் என்று "ம்" என்றாள். அந்த ஒரு எழுத்தை அக்கா சம்மதம் என்று எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்குச் சொல்லிவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. மேடையிலேயே அவள் மையத்தில் சேர்கிற அறிவிப்பு. திங்கட்கிழமை பெட்டி கட்ட வேண்டியது. சத்தத்துக்கு மாற்று கண்டுபிடித்தவர்கள், அதை டிரம்செட்டோடு கொண்டாடப் போகிறார்கள்.

விழா பேனருக்கு ஆர்டர் எங்கே வந்தது என்றால், சவுரிராயன் கடைக்குத்தான். காலண்டரோடு சேர்த்துக் கொடுத்தால் விலை குறையும். ஆக வெண்ணிலாவுக்கு நடக்கிற பாராட்டுக்கு வெண்ணிலாவே டிசைன் போட்டாள். எதிர்முனையில் இருப்பது யாரோ பையன் என்று நினைத்து, கோகுலகிருஷ்ணன் தம்பி தம்பி என்று எழுதினார்.

"தம்பி, நடுவுல அந்தப் பொண்ணு. சிரிக்காத போட்டோவா இருக்கட்டும். பின்னாடி வானவில், பெரிய பட்டாம்பூச்சி."

போட்டாள். மறுநாள் நன்கொடையாளர்கள் வரத் தொடங்கினார்கள். ரைஸ்மில்காரர், ஜவுளிக்கடைக்காரர், டிராவல்ஸ்காரர், அவர் மச்சான். ஒருவர் முகம் பெரிதானால் அடுத்தவர் கோபித்துக்கொள்வார். எல்லா முகமும் பெரிதாக வேண்டும். "தம்பி, அந்தப் பொண்ண கொஞ்சம் ஓரமா தள்ளு." தள்ளினாள். "இன்னும் கொஞ்சம் சின்னதாக்கு." ஆக்கினாள். கடைசியில் அவள் பட்டாம்பூச்சியின் றெக்கைக்குக் கீழே ஒரு தபால்தலை அளவுக்கு நின்றாள். அப்போது நகைக்கடைக்காரர் போட்டோ வந்தது.

வெண்ணிலா எழுதினாள்: "இடம் இல்லை. ஒரு படத்தை எடுத்தால்தான் இவரை வைக்க முடியும். எதை எடுக்க?"

"டொனேஷன் குடுத்தவங்கள தொடாத தம்பி. மத்ததுல எது சின்னதோ அத எடுத்துடு. ஜல்தி."

மற்றதில் இருந்தவை இரண்டு. பட்டாம்பூச்சி பெரிது. வெண்ணிலா தன்னை எடுத்தாள். மற்றவர்களைக் கொஞ்சம் நகர்த்தி, நகைக்கடைக்காரரை வைத்து, புரூஃப் அனுப்பினாள். கட்டை விரலும் கைகூப்பும் வந்தன. "சூப்பர் தம்பி. பிரிண்ட் போடு."

ஞாயிறு காலை அக்கா பட்டுப்புடவை கட்டி நின்றபோது, வெண்ணிலா போனில் அந்தப் பேனரை நீட்டினாள்.

"நா வரலக்கா. பேனர்ல நா இல்ல."

"அதுக்கின்னா இப்ப?"

"மாமா தங்கச்சி பையன் காது குத்துக்கு, பேனர்ல மாமா மூஞ்சி இல்லன்னு மண்டப வாசல் வரைக்கும் போயி, வரிசத் தட்டோட திரும்பி வந்தீங்க. மூஞ்சி போடாத எடத்துக்கு எதுக்குப் போவணும்னு நீதான் சொன்ன."

மாமா செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டார். பானுப்ரியா புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தாள். அந்த மண்டப வாசலில் அவள் போட்ட சத்தம் சொந்தத்தில் இன்னும் பேசப்படுகிறது.

"சரி, நீ இரு. வாக்கு குடுத்துட்டேன், நானே போயி பேசி முடிச்சிட்டு வர்றேன். நாளைக்கு பெட்டிய கட்டற, அவ்ளோதான்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறப் போனாள்.

அன்று கடை இல்லை. வெண்ணிலா ஒரு துண்டு பிளெக்ஸை விரித்துவைத்துக்கொண்டு மார்க்கரைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். ஒரு கோடு வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் தினமும் இப்படித்தான் இருக்கும் என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது.

பொழுது சாய அக்கா வந்தாள். தோளில் ஜரிகைப் பொன்னாடை, கையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கேடயம். வந்ததும் பொன்னாடையை நாற்காலிமேல் வீசினாள்.

"மொதல்ல அந்த டிவிய நிறுத்துங்க. தலைக்குள்ள இன்னும் டிரம்செட்டு அடிச்சிக்கினு இருக்குது." மாமா நிறுத்தினார். அந்த வீட்டில் டிவியை நிறுத்தச் சொல்லி அக்கா சொன்னதாக வெண்ணிலாவுக்கு ஞாபகம் இல்லை.

"இது யாருக்குப் போட்டாங்க?" என்று வெண்ணிலா பொன்னாடையைக் காட்டிக் கேட்டாள்.

"உனக்குத்தான். என்மேல போட்டாங்க" என்றாள் பானுப்ரியா. "வாசல்லயே ஒரு பொண்ணு கையப் புடிச்சிக்கிச்சு. வெண்ணிலா மேடமான்னு கேக்குது. நா அவ அக்கான்னு சொல்றேன், ஸ்பீக்கர் அலற்ற அலறல்ல அதுக்குக் கேக்கல. நேரா மேடைக்கு இஸ்துகினு போயிடுச்சு."

"கோகுலகிருஷ்ணன் இல்லியா?"

"அந்தாளு என் மூஞ்சிய எங்க பாத்தாரு, மைக்கத்தான் பாத்தாரு. நம்ம வெண்ணிலாங்கறாரு. நா எழுந்து, சார் நா பானுப்ரியான்னேன். பக்கத்துல இருந்த அம்மா தோள அமுக்கி உக்கார வெச்சி, பயப்படாத கண்ணு, நாங்கல்லாம் இருக்கோம்ங்குது. மறுபடி எழுந்தேன். ஏதோ சொல்ல வருது, பாவம் பேச்சு வரலன்னு மைக்லயே சொல்றாருடி. மண்டபமே உச்சு கொட்டுது."

பானுப்ரியா வருவதைப் பார்த்தால் காய்கறிக்காரர்கள் தாங்களே விலையைக் குறைத்துவிடுவார்கள். அவளுக்குப் பேச்சு வரவில்லை என்று உலகத்தில் ஒருவர் சொல்லிவிட்டார்.

"அப்புறம்?"

"போர்டு ஒண்ண வெச்சி, ஸ்கெட்ச கைல குடுத்து, ஒரு பட்டாம்பூச்சி போடுன்னாங்க. போட்டாத்தான் வுடுவாங்க போலன்னு போட்டேன்."

"எப்படி வந்துச்சு?"

"வவ்வாலு செத்துக் காஞ்ச மாதிரி."

"கை தட்டினாங்களா?"

"எழுந்து நின்னு தட்டினாங்க. ஒரு அம்மா அழுதுச்சு. நகைக்கடைக்காரரு அத வாங்கிக் கடையில மாட்டப் போறாராம்."

மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. அக்கா பார்த்த பார்வையில் அடங்கியது. அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"அப்புறம் மையத்துக்கு இட்டுக்கினு போயி அந்தக் கண்ணாடி ரூமுல உக்கார வெச்சாங்க. வெளியில நின்னு எல்லாரும் பாக்கறாங்க. போட்டோ எடுக்கறாங்க. ஒரு வாண்டு கண்ணாடிய டொக்கு டொக்குன்னு தட்டுது. வண்டலூர்ல நாம கொரங்குக்குத் தட்டினோம் இல்ல, அந்த மாதிரி. அதோட அம்மா, தட்டாதடா செல்லம், அக்காவுக்குக் கோவம் வரும்ங்குது." மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு வந்துச்சுடி. வந்து இன்னா பண்றது. கத்தினா அதுக்கும் உச்சு கொட்டுவானுங்க."

அப்போது அவள் போன் அடித்தது. கோகுலகிருஷ்ணன். பானுப்ரியா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், விழா அருமையா நடந்துச்சு. தங்கச்சி பட்டாம்பூச்சி போட்டது பார்த்தீங்களா, எல்லாரும் கண்கலங்கிட்டாங்க. ஒரே நாள்ல எவ்வளவு மாற்றம் பாருங்க. நாளைக்குக் காலையில வண்டி அனுப்பறேன். தங்கச்சிகிட்ட போன குடுங்க, ஒரு வார்த்த பேசறேன்."

"அவளுக்குத்தான் பேச்சு வராதே சார். நீங்கதான மைக்ல சொன்னீங்க" என்றாள் பானுப்ரியா. "வண்டி எல்லாம் வாணாம். பட்டாம்பூச்சி போட்டவளும் வர மாட்டா, அவ தங்கச்சியும் வர மாட்டா." போனை அணைத்து, கேடயத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.

வெண்ணிலா எழுந்தாள். பொன்னாடையை எடுத்து மடித்தாள். அதன் ஜரிகை விரலில் குத்தியது. கொண்டுபோய் வாசல் மிதியடி பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு பானுப்ரியா கடைக்கு வந்தாள். பின்னறை வாசலில் நின்றுகொண்டாள், தாண்டவில்லை. உள்ளே தரையில் பிளெக்ஸ் விரிந்திருந்தது. மேடையில் பட்டுப்புடவையும் பொன்னாடையுமாக ஒருத்தி நின்று போர்டில் வவ்வால் போடுகிறாள். எதிரே வரிசையாக நன்கொடையாளர்கள், பேனரில் இருந்த அதே சிரிப்போடு, ஆளுக்கொரு பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கண்ணீர் விடுகிறார்கள்.

பானுப்ரியா குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"என் இடுப்பு இவ்ளோ அகலமாடி?"

"அந்தாளு காலண்டருக்கு அனுப்பின போட்டோவுல அப்படித்தான் இருக்கு."

"வெட்டிக் கொறைக்கத் தெரியும் இல்ல உனக்கு?"

"அது காசு குடுக்கறவங்களுக்கு" என்று சொல்லிவிட்டு வெண்ணிலா மார்க்கரைத் திறந்தாள்.